இரண்டு மில்லிமீட்டர் வெளிச்சம்

மதியம் 1.20. தேர்வு எழுதிவிட்டு வீடு திரும்பிய மகள், கட்டிலில் படுத்திருந்த அம்மாவைத் தொட்டாள். உடம்பு சில்லிட்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே தூக்க மாத்திரை அட்டைகள் இரண்டு, காலியாகக் கிடந்தன.

இன்ஸ்பெக்டர் வந்து நின்றதும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “என்னை விட்டுட்டுத் தானாவே போயிட்டாங்களா மேடம்?”

“இன்னும் தெரியலம்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

மாலை 4.00. அப்பா பல் மருத்துவர். கிளினிக்கில் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“காலையில பத்து மணிக்கு இங்க வந்தா. கடைவாய்ப் பல்லுல ஆழமா சொத்தை. அடைச்சு அனுப்பினேன். ரெண்டு மாசமா மனசு சரியில்லாம இருந்தா. நான்தான் கவனிக்கல.”

“நீங்க வீட்டுக்குப் போகலையா?”

“எங்க போறது? பதினொண்ணுலேருந்து வரிசையா ஏழு பேர்.”

ஏழு பேர், ஏழு சாட்சி. நர்ஸ் வெளியே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

“சார் மாதிரி பல் அடைக்க ஆள் கிடையாது மேடம். பல் நிறத்துல ஒரு பசை. மொத்தமா அப்பினா நீல வெளிச்சம் அடிவரைக்கும் இறங்காது. மேல கல்லாட்டம் இருக்கும், அடியில களிம்பாவே கிடக்கும். சார் ரெண்டு மில்லிமீட்டர் வைப்பார், விளக்குக் காட்டுவார், அதுக்கு மேல இன்னொரு ரெண்டு. மத்த டாக்டருங்க ‘கொத்தனார்’னு கிண்டல் பண்ணுவாங்க.”

“அவர் மனைவிக்கு அடைச்சப்போ கூட இருந்தீங்களா?”

“இல்ல மேடம், பின்னாடி ரூம்ல பஞ்சு எடுக்க அனுப்பிட்டார். விளக்கு அணையறப்போ வர்ற ‘பீப்’ ஒரு தடவை கேட்டுச்சு. திரும்பி வந்தா அவங்க கிளம்பிட்டாங்க, கையில வலி மாத்திரை டப்பியோட.”

மறுநாள் காலை 11.00. பிணவறை.

“வயித்துல தூக்க மருந்து, ஏகப்பட்டது. தற்கொலைன்னு எழுதிடவா?” என்றார் பிரேதப் பரிசோதனை மருத்துவர்.

“முதல்ல அந்தக் கடைவாய்ப் பல்லை அறுத்துப் பாருங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

“வயித்தைப் பாத்துட்டேங்கிறேன், வாயைப் பாருங்கிறீங்க!” முணுமுணுத்துக்கொண்டே அறுத்தார். அடைப்பின் ஆழம் ஐந்து மில்லிமீட்டர். மேல்பாகத்தில் ஊசி வழுக்கியது. அடிப்பாகத்தில் மெழுகில் இறங்குவதுபோல் இறங்கியது. “பழுப்பு நிறப் பசை வேற. வெளிச்சத்தைப் பாதியிலேயே குடிச்சிருக்கு” என்றார்.

மதியம் 2.30. கிளினிக்.

“அஞ்சு மில்லிமீட்டரை ஒரே அடுக்கா அப்பியிருக்கீங்க டாக்டர்.”

“ஏதோ அவசரம்…”

“அடுத்த ஆள் வர அரை மணி நேரத்துக்கு மேல இருந்துச்சு. அப்புறம் வந்த ஏழு பேருக்கும் மூணு ‘பீப்’, நாலு ‘பீப்’. நர்ஸ் பக்கத்துலயே நின்னு கேட்டிருக்காங்க. முன்பின் தெரியாதவங்களுக்கெல்லாம் பொறுமையா அடுக்கினீங்க. பெண்டாட்டிக்கு மட்டும் கை மெனக்கெடல. அந்தப் பல்லு மத்தியானம் வரைக்கும் தாங்கினா போதும்னு உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்.”

டாக்டர் நீல விளக்கை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

“வலி மாத்திரை டப்பி உங்க வீட்டுக் குப்பையில கிடைச்சிடுச்சு. உள்ள ஒட்டியிருந்த தூள் தூக்க மருந்துதான். வலிக்குன்னு சொல்லி மொத்தத்தையும் ஒரே தடவையில போடச் சொல்லியிருக்கீங்க. காலி அட்டைகளைக் காலையிலயே கட்டிலுக்குக் கீழ போட்டுட்டு வந்திருக்கீங்க.”

டாக்டர் சொன்னார்: “பிரிஞ்சு போறேன்னா. பொண்ணையும் கூட்டிட்டுப் போறேன்னா.”

மாலை 5.10. மகள் பெரியம்மா வீட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா உன்னை விட்டுட்டுப் போகலம்மா. உன்னைக் கூட்டிட்டுப் போறதாத்தான் இருந்தாங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

இரண்டு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழுது முடித்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

“அப்பாகிட்ட உடனே சொல்லுங்க மேடம். தான் கவனிக்காம விட்டுட்டோம்னு நேத்துலேருந்து ஒரு வாய் சாப்பிடல.”

இன்ஸ்பெக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.