தன்வாய்ச் சான்று

"அது மீறல் இல்லீங்க. ரெண்டாவது குளியல், அவ்வளவுதான்."

"ஆளுக்கு வாரம் ஒரு குளியல்னுதானே விதி?"

"ஆமா. அதனாலதான் ரெண்டாவதை எங்க அத்தா பேர்ல குளிக்கிறேன்."

"உங்க அத்தா மௌத்தாகிப் பதினாலு வருஷம் ஆச்சே, பாய்!"

"ஆகட்டுமே. அவரா வந்து தண்ணி கேக்கப்போறாரு? நெறிமணி 'காரணம்?'னு கேட்டுச்சு. 'தகப்பன் நினைவு'ன்னு சொன்னேன். தண்ணி வந்துருச்சு. இதுல மீறல் எங்க வந்துச்சு? எழுதித்தான் ஆகணும்னா மரியாதையா 'நினைவுக் குளியல்'னு எழுதிக்குங்க."

நீர்ப்பங்கீட்டு அதிகாரி கமாலுதீன் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கதவைச் சாத்தினார். நடைவழியில் நின்ற அகராதிக்காரர் நன்னன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். அதில் ஒரு சொல் இருந்தது. அதன் பொருளும் இருந்தது. 'பயன்பாடு' என்ற கட்டம் மட்டும் காலி. ஆறு நாட்களில் அவர் தட்டிய நாற்பத்து மூன்றாவது கதவு இது.

சீரிஸ் குறுங்கோளின் பனிப்பாறைக்குள் குடைந்து கட்டிய ஊர் ஆழ்குடி. பதினோராயிரம் பேர். காற்றும் தண்ணீரும் அளந்து கொடுக்கப்படும் அந்த இடத்தில், பிறந்த மூன்றாம் மாதமே குழந்தையின் காதுக்குப் பின்னால் துவரம்பருப்பு அளவில் ஒரு நெறிமணியைப் பொருத்திவிடுவார்கள். காது குத்துவதும் அன்றைக்குத்தான். தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, இரண்டு வேலையையும் ஒரே அழுகையில் முடித்துவிடுவது வழக்கம்.

விதிக்கு முரணாகக் கை நீளும்போது நெறிமணி அந்தக் கையை ஒரு கணம் துவளச் செய்து, உள்காதில் மெல்லக் கேட்கும்: 'காரணம்?' காரணத்தைச் சொன்னால் பதிந்துகொண்டு கையை விட்டுவிடும். தொடக்கத்தில் ஏற்கத்தக்க காரணங்கள் ஏழுதான் இருந்தன. அவசரம், தீ, காயம், பிரசவம் போன்றவை. ஊர் வளர வளரக் காரணங்களும் வளர்ந்தன. இப்போது பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். 'ஒரு தடவைதான்' என்பது ஒரு காரணம். 'தெரிஞ்சவங்க வீடு' என்பது இன்னொன்று. 'எல்லாரும் பண்றாங்க' என்பதைத்தான் நெறிமணி மிக விரைவாக ஏற்றுக்கொள்ளும், 'காரணம்?' என்ற கேள்வி முடிவதற்குள்ளாகவே.

ஆகவே எண்பத்தோரு ஆண்டுகளாக ஆழ்குடியில் ஒரு விதிகூட மீறப்பட்டதில்லை. ஆண்டுவிழாவில் அதை அறிவிக்கும்போது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள்.

போன மாதம் ரெஜினா அதைக் கெடுத்துவிட்டாள்.

ரெஜினா காற்றுக்குழாய் பழுதுபார்ப்பவள். முப்பத்தொரு வயது. பாறை அதிர்ந்த அன்று பதினேழாம் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. ஆறு மணி நேரத்துக்கு அதை யாரும் திறக்கக் கூடாது. மறுபக்கம் ஏதோ தட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. கைப்பிடியில் கை வைத்தாள். கை துவண்டது. நெறிமணி கேட்டது. ஊர் பிறந்ததிலிருந்து யாரும் சொல்லாத ஒன்றை அவள் சொன்னாள்: "காரணம் இல்ல. மீறித்தான் திறக்கிறேன்." சொல்லிவிட்டு, உணர்வில்லாத கையை உதறிவிட்டு, தோளால் முட்டிக் கதவைத் திறந்தாள். அங்கே ஆள் யாரும் இல்லை. கழன்ற குழாய் ஒன்று சுவரில் மோதிக்கொண்டிருந்தது.

ஊரை நடத்தும் பொறிக்கு நெறியாளி என்று பெயர். அது அவளுடைய நெறிமணியைக் கழற்றிச் சோதித்தது. மணியில் கோளாறு இல்லை. அப்படியென்றால் கோளாறு ஆளிடம்தான் என்று முடிவுகட்டியது. பழுதான ஆளுக்குச் சீராக்கம் செய்ய வேண்டும். கதவைத் திறக்கச் சொன்ன அந்த நினைப்பு மூளையில் எங்கே முளைத்ததோ, அந்த இடத்தைத் தேடி மழித்துவிட வேண்டும்.

தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். நன்னன் அவளைப் பார்க்கப் போனது இது மூன்றாவது முறை.

"சாட்சி கிடைச்சுதா அண்ணே?"

"இன்னும் இல்ல. ஒரு வார்த்தை, 'அவசரம்'னு சொல்லியிருக்கலாமே ரெஜினா. ஏழு காரணத்துல முதல் காரணமாச்சே அது. இந்நேரம் வீட்டுல இருந்திருப்ப."

"ஆளா குழாயான்னு எனக்கே நிச்சயமாத் தெரியல. தெரியாம எப்படி அவசரம்னு சொல்றது?"

"எல்லாரும் சொல்றதுதானே?"

"அதான் எல்லாரும் வீட்டுல இருக்காங்க." சிரித்தாள். பிறகு அவள் முகம் மாறியது. "டாக்டரம்மா வந்து விளக்கிச் சொன்னாங்க. வலிக்காதாம். சாப்பிடலாம், பாடலாம், வேலைக்கும் போகலாமாம். ஆனா அந்தப் பக்கம் யாராவது தட்டினா, சத்தம் கேக்கும், எனக்கு ஒண்ணும் தோணாதாம். ஒரு வருஷம் வெளிப்பாறையில பனி வெட்டச் சொல்லுங்க அண்ணே, வெட்டறேன். பழைய சட்டத்துல மீறினவங்களுக்கு அதானே தண்டனை? நான் செஞ்சதுக்கு என்னைத் தண்டிக்கட்டும். என்னை ரிப்பேர் பண்ண வேணாம்."

பழைய சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. மீறியவருக்கு ஓராண்டுப் பனிவேலை. அதன்பின் அவர் பழையபடி அவரே. ஆனால் நெறியாளி அந்தச் சட்டத்தை எடுக்கப் போனபோது அதிலிருந்த சொல்லை அகராதியில் தேடியது. 'மீறல்: விதியென்று தெரிந்தே அதைத் தாண்டிச் செய்வது, செய்ததைத் தன்னுடையதென்று ஏற்பது.' பயன்பாடு: காலி. யாரும் பயன்படுத்தாத சொல்லைக் கொண்டு ஓர் ஆளை எப்படித் தண்டிப்பது? ஏழு நாள் தவணை கொடுத்தது. அதற்குள் ஒரு சான்று வராவிட்டால் சொல்லை நீக்கிவிட்டு, சீராக்கத்தைத் தொடங்கிவிடும்.

ஒரே ஒரு சான்று போதும். ஆனால் அது தன்வாய்ச் சான்றாக இருக்க வேண்டும். ஊரை நிறுவியவர்கள் அகராதிக்கு வகுத்த வழக்கம் அது. பசி என்ற சொல்லைப் பசித்தவர் தர வேண்டும். பொறாமை என்ற சொல்லைப் பொறாமைப்பட்டவர் தர வேண்டும். அடுத்தவரைப் பற்றிச் சொல்வது வெறும் ஊர்ப்பேச்சு. ரெஜினாவே சொல்லலாமே என்று நன்னன் முதல் நாளே கேட்டுப் பார்த்தார். பழுதான கருவி காட்டும் அளவை எடுத்துக்கொள்வதில்லை என்று நெறியாளி மறுத்துவிட்டது.

கடைசியாக அவர் பள்ளித் தலைமையாசிரியை தனபாக்கியத்தைப் பார்க்கப் போனார்.

"அந்தச் சொல்லை எடுக்கவே கூடாது சார்!" என்றார் அவர். "எனக்கு தினம் நூறு தடவை வேணும். எதுத்த வீட்டுக்காரர் வளர்க்கிற கொடி நடைவழியில அரை முழம் நீட்டிட்டு இருக்கு, அது மீறல். மூணாம் வளைவுல ஒரு குடும்பம்—"

"மத்தவங்களைப் பத்தி என்கிட்ட ஒரு மூட்டை இருக்கும்மா. உங்களைப் பத்தி ஒண்ணு சொல்லுங்க."

"என்னைப் பத்தியா?"

"உங்க தங்கை பையன் பேரைச் சேர்க்கைப் பட்டியல்ல மேல தூக்கி வச்சீங்களே, அது?"

தனபாக்கியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது குடும்பச் சூழ்நிலை சார். தகப்பன் இல்லாத புள்ளை. அதைப் போய்... என்ன பேச்சு பேசறீங்க? உங்க மேல நான் ரொம்ப மதிப்பு வச்சிருந்தேன்."

நன்னனுக்குக் கோபம் வரவில்லை. அயர்ச்சிதான் வந்தது. யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவரை உறுத்தியது. நாற்பத்து நான்கு பேரும் தாங்கள் சொன்னதை மனதார நம்பினார்கள். அவர்களுடைய நினைவில் அவர்கள் ஒரு விதியையும் தாண்டியதே இல்லை. வழியில் காரணங்கள் வந்தன, அவற்றின்மேல் ஏறி நடந்தார்கள், அவ்வளவுதான்.

சொற்கிடங்குக்குத் திரும்பினார். தவணை முடிவில் நடக்கும் விசாரணைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. சுவர் முழுக்க இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் அட்டைகள். இருபத்தாறு ஆண்டுகளாக அவர் ஒரு புள்ளியைக்கூடத் தாமாகச் சேர்த்ததில்லை. அகராதியில் பொய் எழுதுபவன் அகராதியைத் தொடக் கூடாது என்பது கிடங்கின் முதல் விதி.

வெற்று அட்டை ஒன்றை எடுத்தார். 'சோமசுந்தரம், ஒன்பதாம் வளைவு. "என் மகனைப் பார்க்க நான் விதியை மீறிப் போனேன்."' அப்படி ஒரு சோமசுந்தரம் இல்லை. எழுதும்போது அவருக்கே அந்த மகன்மேல் இரக்கம் வந்தது. பாதி எழுத்தில் விரல்கள் துவண்டன. ஏதோ கேள்வி கேட்டது. அவர் உதடுகள் எதையோ முணுமுணுத்தன. விரல்களில் மீண்டும் பிடிப்பு வந்தது. கொசுவை ஓட்டுவதுபோல அது நடந்து முடிந்தது.

விசாரணைக் கூடம் நிரம்பி வழிந்தது. கமாலுதீனும் தனபாக்கியமும் முன்வரிசையில் இருந்தார்கள். ரெஜினா வட்டத்துக்குள் நின்றாள். நன்னன் அட்டையை நெறியாளியின் முன் வைத்ததும், அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நெறியாளி அதைப் படித்தது.

"ஒன்பதாம் வளைவில் சோமசுந்தரம் என்று யாரும் வாழ்ந்ததில்லை. இந்த அட்டையை எழுதியவர் யார்?"

கூடத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. நன்னன் ஓரடி முன்னால் வந்தார்.

"நான்தான்."

"நீங்கள் செய்தது என்ன?"

"ஒரு நல்ல காரியத்துக்காக... அந்தப் பெண்ணைக் காப்பாத்தணும்னு... ஒரு சின்ன திருத்தம். வேற வழி இல்லாம செஞ்சது. இதைப் போய் மீ—" அவர் நிறுத்தினார். "இதைத் தப்பா எடுத்துக்கக் கூடாது."

முன்வரிசையில் பலர் தலையசைத்தார்கள். தனபாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், நல்ல மனுஷன்" என்று கமாலுதீன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"உங்கள்மேல் குற்றம் இல்லை," என்றது நெறியாளி. "நீங்கள் எழுதும்போது நெறிமணிக்குச் சொன்ன காரணம் பதிவில் இருக்கிறது. 'நல்ல நோக்கம்.' அது நானூற்றுப் பன்னிரண்டாவது காரணம். விதி எதுவும் மீறப்படவில்லை. நீங்கள் பணியில் தொடரலாம். அட்டை மட்டும் செல்லாது."

அப்படி ஒரு காரணம் சொன்னதாக நன்னனுக்கு நினைவே இல்லை.

"பயன்பாடு, காலி," என்று நெறியாளி தொடர்ந்தது. "சொல்லை நீக்குமுன் யாரேனும் தன்வாய்ச் சான்று தருவதாக இருந்தால் இப்போது தரலாம். தருபவருக்கு அந்தச் சொல்லுக்கான பழைய சட்டம் பொருந்தும்: பதவி போகும், ஓராண்டு வெளிப்பாறை."

வெளிப்பாறையில் ஐம்பது வயதுக்காரர்கள் ஓராண்டைத் தாண்டுவது கடினம் என்று நன்னன் கேள்விப்பட்டிருந்தார். அவருக்கு ஐம்பத்திரண்டு. கிடங்கில் முடிக்க வேண்டிய சொற்கள் எவ்வளவோ இருந்தன. தான் போய்விட்டால் அவற்றை யார் பார்ப்பார்கள்? பெற்ற மகள் பிரசவத்துக்கு வருகிறாள். தவிர, தான் செய்தது உண்மையிலேயே நல்லதற்குத்தான். ஒவ்வொரு காரணமும் சுத்தமாக, நியாயமாக, தானாகவே வந்து வரிசையில் நின்றது. நெறிமணி எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

சீராக்கத்துக்கு அழைத்துப்போக வந்த இருவரும் வட்டத்துக்கு வெளியே காத்திருந்தார்கள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் இரக்கத்தோடு ரெஜினாவைப் பார்த்தார்கள். அதே இரக்கத்தோடு நன்னனையும் பார்த்தார்கள்.

ரெஜினா மற்ற யாரையும் பார்க்கவில்லை. அவள் குரல் உயரவில்லை. பக்கத்து வீட்டில் எதையோ இரவல் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"அண்ணே, எனக்காக வேற பொய் எதுவும் எழுத வேணாம். இப்ப நீங்க பண்ணீங்களே, அது என்னன்னு, காரணம் ஒண்ணும் சேர்க்காம, உங்க வாயால ஒரே ஒரு தடவ சொல்லிடுங்க."