ஜன்னலோரப் புதர்

மழை கண்டு மாதக்கணக்காகியும் அந்தப் புதர் பூத்திருந்தது.

கால் முறிந்து, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த தையல்காரிக்கு ஜன்னலை விட்டால் வேறு போக்கிடமில்லை. கப்பலில் சமையல் வேலை பார்க்கும் கணவன் திரும்ப நாளாகும். வெளியே கடற்கரை மணல், அதில் தானாக முளைத்த அந்தச் சாம்பல் இலைப் புதர். நேற்றுவரை ஒரு பூகூட இல்லை. இன்று கிளை கொள்ளாத ஊதாப் பூக்கள். எல்லாம் வெயிலுக்கு முதுகு காட்டி அறைக்குள் பார்த்திருந்தன.

"செடிக்குத் தண்ணி ஊத்தினியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா அண்ணி? இந்த வீட்டுல அதுவாவது சிரிச்சிட்டு இருக்கே, விடுங்க." நாத்தனார் சாப்பாட்டையும் தண்ணீர்ச் செம்பையும் கட்டிலருகே வைத்தாள். "உங்களால எழுந்து தாழ்ப்பாள் போட முடியாது. பூட்டிட்டுப் போறேன். சாயங்காலம் வந்துடுவேன்."

சாவி திரும்பியது. காலடி தேய்ந்து மறைந்தது.

உச்சிவெயிலில் கடல் இரைச்சலும் அடங்கியபோது, கட்டிலுக்கடியில் கெட்டித் துணியைக் கத்தரி மெல்ல மெல்ல அறுப்பது போல ஒரு சத்தம் கேட்டது; கூடவே, ஈரத்துணியை இஸ்திரி போடும்போது எழுவது போன்ற வெக்கையும், அதற்குள் தித்திப்பாக ஒரு பூவாசமும். எலியாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு செம்பை எடுத்தாள். ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. செம்பு காய்ந்து கிடந்தது.

மாவுக்கட்டுக்குள் அரித்தது. பின்னல் ஊசியை உள்ளே விட்டுச் சொறிந்தாள். ஊசியோடு வெள்ளை நூல் ஒன்று வந்தது. பிடித்து இழுத்தாள்.

எலும்புக்குள் வலித்தது.

நூல் இல்லை. வேர். கட்டில் காலைச் சுற்றி, தரையோடு ஓடி, ஜன்னலுக்குக் கீழிருந்த சுவர் விரிசலுக்குள் போயிருந்தது.

போன் மேசைமேல். எட்டவில்லை. கீழே உருளப் பார்த்தாள். கால் அசையவில்லை. முதுகும் அசையவில்லை. மெத்தைக்குள்ளும் அது வந்துவிட்டிருந்தது. கத்த வாயைத் திறந்தாள். நாக்கு தோல்துண்டாக அண்ணத்தில் ஒட்டியிருந்தது.

வெயில் சாய்ந்தது. வெளியே பூக்கள் பெருத்தன.

கடைசியில் மணலில் செருப்புச் சத்தம். நாத்தனார். அழுகை முட்டியது, கண்ணில் ஈரமில்லை.

"அண்ணி, தூங்குறீங்களா? காலையில பார்த்ததுக்கு எவ்ளோ பூத்திருக்கு பாருங்க. மேசையில வைக்க ரெண்டு பறிச்சிட்டு வரேன்."

வேண்டாம். வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

காம்பு ஒடிந்தது. தையல்காரியின் சுண்டுவிரல் நகம் தெறித்துப் போர்வையில் விழுந்தது.

புதரின் உச்சியில் அருகருகே இருந்த இரண்டு பெரிய பூக்களை நாத்தனாரின் விரல்கள் பற்றின.

தையல்காரியின் கண்களில் அறை இருண்டது.

"இது வர மாட்டேங்குதே," என்றபடி அவள் பலமாக இழுக்கத் தொடங்கினாள்.