பதினாலாம் அறையைத் தேடி யாராவது வந்தார்களா?

பதினாலாம் அறைக்காரர் படியிறங்கி வந்த வேகத்தைப் பார்த்ததுமே, இன்றைய பொழுது சரியாக விடியவில்லை என்று சாவிக்குத் தெரிந்துவிட்டது.

சாவி அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. விடுதியின் முன்மேசையில் உட்கார்ந்து இருபத்திரண்டு அறைச் சாவிகளைக் காவல் காப்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை. மாடி துடைக்கும் அம்மாவை எல்லாரும் வாளியக்கா என்று கூப்பிடும் இடத்தில் சாவி எவ்வளவோ மேல்.

"உங்க வாளியக்கா திருடியிருக்கா," என்றார் அவர், மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு. "முதல்ல மூக்குக்கண்ணாடி. அடுத்த நாள் கழுத்துத் துணி. நேத்து கைக்கடிகாரம். மூணும் என் மனைவியோடது. மத்தியானம் மூணு மணிக்கு எங்களுக்கு ரயில். அதுக்குள்ள மூணும் என் கைக்கு வரணும். இல்லன்னா போலீசுக்குப் போவேன்."

"அவங்க வரலையே சார்? நீங்களும் பிள்ளைங்களும் மட்டும்தானே தங்கியிருக்கீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். பதினொரு வயது மகள் படிக்கட்டின் கைப்பிடியில் சாய்ந்து நின்றிருந்தாள். ஆறு வயது மகன் கடைசிப் படியில் உட்கார்ந்து, மஞ்சள், ரோஸ், நீலம் என்று மூன்று சின்ன அட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். இரண்டு பிள்ளைகளின் கழுத்திலும் விடுதியின் முகவரி அட்டை கயிற்றில் தொங்கியது. ஊர் பெரிது, பிள்ளைகள் தொலைந்தால் கொண்டுவந்து சேர்க்க வசதியாக இருக்கட்டும் என்று முதலாளியம்மா செய்துவைத்த ஏற்பாடு.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அவ செத்து எட்டு மாசம் ஆச்சு. மூணுமே அவ தோள்பையோட ஓர ஜிப்புக்குள்ள இருந்தது. அந்தப் பையை அப்படியே தூக்கிட்டு வந்தேன். காலி பண்ண மனசு வரல. நான் கண்ணாடிக் கடையில லென்ஸ் அரைக்கிறவன். அவளுக்கு அரைச்சுக் கொடுத்தது அது. வேற யார் கண்ணுக்கும் சேராது. அதைப் போய் யாரும்மா எடுப்பாங்க?"

ஜன்னலோரத்தில் விரித்திருந்த செய்தித்தாள் மெதுவாக மடிந்தது. பின்னால் இருந்தவர் பத்தாம் நம்பர் ஐயா. மூன்று வருடமாகப் பத்தாம் அறைதான் அவருக்கு வீடு. அதற்கு முன் இருபத்தெட்டு வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணையாளர். கடை தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று சாம்பலைக் கிளறிச் சொல்லும் வேலை. போன மாதம் விடுதியில் காணாமல் போன குடையை, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், கதவு மிதியடியைப் பார்த்தே கண்டுபிடித்தார். அன்றிலிருந்து சாவி தன்னை அவருடைய உதவியாளராகவே நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை.

"அந்த நல்ல கேள்விக்குப் பதில் தேடுவோம், உட்காருங்க," என்றார் ஐயா. "கடிகாரம் விலை உயர்ந்ததா?"

"சாதாரணம். ஓடவே ஓடாது. அவ போனப்புறம் நான் சாவி கொடுக்கல."

"உங்க பர்ஸ், போன்?"

"எல்லாம் இருக்கு."

வாளியக்கா வாளியோடு வந்து நின்றாள். விஷயம் மாடி வரை எட்டியிருந்தது. "பதினாலு வருஷமா இங்க துடைக்கிறேன் சாவி," என்றாள். "அடுத்தவங்க சோப்புக்கட்டியைக்கூட நகர்த்தி வெச்சுத் துடைச்சு, மறுபடி அதே இடத்துல வைப்பேன். பதினோரு மணிக்கு முதலாளியம்மா வருவாங்க. கேட்ட மாத்திரத்துல என்னை அனுப்பிடுவாங்க."

"அனுப்ப மாட்டாங்க. நாங்க விசாரிக்கிறோம்," என்றாள் சாவி. 'நாங்க' என்று சொன்னதில் அவளுக்கே கொஞ்சம் பெருமை. ஐயாவின் காதருகே குனிந்தாள். "எனக்குப் பதினஞ்சாம் அறைக்காரர் மேல சந்தேகம். மூணு நாளா சாயந்திரத்துலயும் கறுப்புக் கண்ணாடி போட்டுட்டுத் திரியறாரு."

"கண் ஆபரேஷன் ஆகியிருக்கும்மா."

ஐயா சிறுமியிடம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா. கழுத்துத் துணியைக் கடைசியா எப்போ பார்த்தே?"

"முந்தாநாள் மணிக்கூண்டு மேல ஏறினப்போ. காத்து ரொம்ப அடிச்சது. அப்பா எடுத்து என் தலையில கட்டினாரு. இறங்கினதும் நானே மடிச்சுப் பைக்குள்ள வெச்சேன். ராத்திரி இல்ல."

"முந்தாநாள் வாளியக்காவுக்கு லீவாச்சே!" என்று சாவி துள்ளினாள். "உங்க அறையை நான்தான் பெருக்கினேன்." சொல்லி முடித்த பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. "ஐயையோ, நான் எடுக்கல."

"சந்தேகத்தைத் தேடிப் போக வேண்டாம், தானே வந்து நிக்குது," என்றார் ஐயா, சிரிக்காமல். "பகல்ல அந்தப் பை எங்க இருக்கும் சார்?"

"என் தோள்ல. பிள்ளைங்க தண்ணி பாட்டில் அதுலதான்."

"அப்போ பொருள் போனது அறையில இல்ல. வெளியில."

"ஜேப்படி!" என்றாள் சாவி.

"பர்ஸை விட்டுட்டு, ஓடாத கடிகாரத்தை எடுக்கிற ஜேப்படிக்காரனை என் காலத்துல பார்த்ததில்லை. அதுவும் மூணு நாள், மூணு இடத்துல, ஒரே ஆளோட பொருளை மட்டும்." ஐயா கடைசிப் படியை நோக்கி நடந்தார். "என்ன தம்பி விளையாட்டு? டிக்கெட்டா?"

பையன் மூன்று அட்டைகளையும் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

"உள்ள போற டிக்கெட்டா இருக்கும்," என்றார் அப்பா, யோசிக்காமல்.

"முதல் நாளே நீங்க சிரிச்சுக்கிட்டு சொன்னீங்களே சார்," என்றாள் சாவி. "ஏழு வயசுக்குக் கீழ இந்த ஊர்ல எல்லா இடமும் இலவசம், டிக்கெட்டே தரலன்னு இவன் கோவிச்சுக்கிட்டான்னு."

அப்பா மகனின் சட்டைப் பையைப் பார்த்தார்.

ஐயா சமையல்காரரைக் கூப்பிட்டு, பையனைச் சாப்பாட்டு அறைக்கு அனுப்பிவைத்தார். பையன் புதிதாகப் படிக்கப் பழகியவன். கண்ணில் பட்ட பலகையை எல்லாம் எழுத்துக்கூட்டாமல் நகர மாட்டான். சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகள் அவனுக்கு ஒரு கால் மணி நேரம் தாங்கும். கொஞ்ச நேரத்தில் "தீ... தீய... தீயணை..." என்று அவன் குரல் கேட்கத் தொடங்கியது.

"இனி சொல்லலாம்," என்றார் ஐயா. அவர் முகத்தில் கண்டுபிடித்த களை எதுவும் இல்லை. சாவிக்கு அது ஏமாற்றமாக இருந்தது. "முதல் நாள் கோட்டைக்குப் போனீங்க. அங்க பையன் எதையாவது தொலைச்சானா?"

"தொப்பியை," என்றாள் சிறுமி. "அப்புறம் தொலைஞ்ச பொருள் கவுன்டர்ல இருந்தது. அங்க இருந்தவர் இவன்கிட்ட, 'தொலைஞ்சதைத் தேடிக்கிட்டு ஆள் கண்டிப்பா இங்க வருவாங்க தம்பி, நீயே வந்தே பாரு'ன்னாரு."

"அந்தக் கவுன்டர்கள்ல ஒரு வழக்கம் உண்டு. எதையாவது கண்டெடுத்துக் கொடுத்தா, கொடுத்தவருக்கு நம்பர் போட்ட சின்ன அட்டை தருவாங்க. இடத்துக்கு ஒரு நிறம். அவர் எங்க தங்கியிருக்காருன்னும் அதுல எழுதுவாங்க, பொருளுக்குச் சொந்தக்காரர் தேடி வந்து நன்றி சொல்லணும்னா தோதா இருக்கட்டும்னு. ஆறு வயசுப் பிள்ளைக்கு முகவரி சொல்லத் தெரியாது. ஆனா இவன் கழுத்துலதான் தொங்குதே. அரண்மனையில மஞ்சள், மணிக்கூண்டுல ரோஸ், பழைய பாலத்து மியூசியத்துல நீலம். தண்ணி பாட்டில் எடுக்கிற சாக்குல பைக்குள்ள கை விட்டிருக்கான்."

"அவனேவா கொண்டுபோய்க் கொடுத்தான்?" அப்பாவின் குரல் உயர்ந்தது. "எதுக்கு?"

"அதை நீங்கதான் சொல்லணும். சாவி, தினமும் சாயந்திரம் இவன் உன்கிட்ட என்ன கேப்பான்?"

சாவி மூன்று நாளாக அதைச் சொல்லிச் சொல்லிச் சமையல்காரரோடு சிரித்திருந்தாள். பெரிய அதிகாரி மாதிரி மேசையை எட்டிப் பிடித்துக்கொண்டு கேட்பான்.

"'பதினாலாம் அறையைத் தேடி யாராவது வந்தாங்களா'ன்னு."

சாப்பாட்டு அறையிலிருந்து "க... கத... கதவு" என்று கேட்டது.

"சார்," என்றார் ஐயா, "அம்மா எங்கன்னு அவன்கிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?"

வாளியக்கா வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல கேட்டான்," என்றார் அப்பா கடைசியில். "அஞ்சு வயசு. வாய்ல வந்ததைச் சொன்னேன். பெரிய ஊருக்குப் போயிருக்கா, வழி தெரியாம சுத்திக்கிட்டு இருக்கா, வந்துடுவான்னு. அப்புறம் அவன் கேக்கிறதையே விட்டுட்டான். மறந்துட்டான்னு நினைச்சேன். இந்த ஊரைச் சுத்திக் காட்டுறேன்னு பெரியவளுக்கு அவதான் வாக்குக் கொடுத்திருந்தா. அதுக்காகத்தான் கிளம்பினேன். ரயில் ஏறினதும் 'நாம போறது அந்தப் பெரிய ஊருக்கா'ன்னான். ஜன்னல் சீட்டுக்கு ரெண்டும் சண்டை. நான் ஆமான்னு சொல்லிட்டேன். எதைக் கேட்டான்னுகூடக் கவனிக்கல."

"சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தாரு," என்றாள் சிறுமி, யாரும் கேட்காமலே. "அதனால நான் சொல்லவே இல்ல."

அப்பா எழுந்து வாளியக்காவின் எதிரில் போய் நின்றார். கைகளைக் கூப்பினார்.

"விடுங்க சார்," என்றாள் அவள். "முதலாளியம்மா வர்றதுக்குள்ள கிளம்புங்க. பொருளை வாங்கணும்ல."

மூன்று இடத்துப் பொருள்களும் மறுநாள் காலையில் நகர மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். அட்டையில் எழுதியிருப்பது இந்த விடுதி முகவரி என்பதால் விடுதி ஆள் ஒருவர் கூட வர வேண்டும். சாவி ஐயாவைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளைக் கையில் எடுத்திருந்தார், விரிக்கவில்லை.

"நீ போம்மா. எனக்கு அங்க வேலை இல்லை."

"கண்டுபிடிச்சதே நீங்கதானே?"

"அதுவரைக்கும்தான் எனக்கு எப்பவும் முடிஞ்சது. சாம்பல்ல இருந்து தீக்குச்சியை எடுத்துக் காட்டிடுவேன். அப்புறம் அந்த வீட்டுக்காரன் மூஞ்சியைப் பார்க்கணுமே, அது முடியாமத்தான் வேலையை விட்டேன்."

அலுவலகத்தில் உயரமான அலமாரிகள். குடைகள், ஒற்றைக் கையுறைகள், ஒரு பொய்ப்பல் செட், கைப்பிடி உடைந்த குழந்தை வண்டி. பையன் மூன்று அட்டைகளையும் கொடுக்க மாட்டேன் என்றான்.

"நீங்க வாங்கிட்டா அம்மா எப்படி இங்க வருவாங்க?" என்றான். "அவங்களுக்குக் கண்ணாடி இல்லாம பலகை படிக்க முடியாது. அதான் வழி தெரியல."

அலுவலர் ஒரு படிவத்தை நீட்டினார். பெயர், முகவரி, பொருளின் அடையாளம். கடைசியில் ஒரு கட்டம்: சொந்தக்காரர் நேரில் வராத காரணம். அப்பாவின் பேனா அங்கே நின்றது.

"வெளியூர்னு போட்டா போதும் சார்," என்றார் அலுவலர் இரக்கப்பட்டு. "யாரும் படிக்க மாட்டாங்க."

அப்பா மகனைப் பார்த்தார். பிறகு எழுதினார். மெதுவாக, எழுத்துகளைப் பிரித்துப் பிரித்து, குழந்தைக்கு எழுதிக் காட்டுவதுபோல. பையன் மேசை விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு, வழக்கப்படி ஆரம்பித்தான்.

"இ... இற... இறந்... து. இறந்து... விட்... டார்." முழுதாகச் சேர்த்து ஒரு தடவை வாசித்தான். "இது யாரு?"

"அம்மா."

"எப்போ?"

"ஆஸ்பத்திரியில நீ என்கிட்ட கேட்டியே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அம்மாவுக்கு வழி தப்பல. நான் பொய் சொன்னேன்டா."

பையன் அழவில்லை. அக்காவிடம் திரும்பினான். "உனக்குத் தெரியுமா?"

அவள் தலையாட்டினாள். அவன் சாவியையும் நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்கு?"

காலையிலிருந்துதான் என்று சொல்லியிருக்கலாம். சாவியும் தலையாட்டினாள்.

தன்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்பது அவனுக்குப் புரிந்தது. அப்பா குனிந்து தூக்க வந்தார். அவன் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தான். பிறகு இன்னொன்று. அவர் தடுக்கவில்லை. அடி ஓய்கிற வரை மண்டியிட்டே இருந்தார். அலுவலர் கண்ணாடியையும் துணியையும் கடிகாரத்தையும் மேசையில் வைத்துவிட்டு, அலமாரிப் பக்கம் போய் ஏற்கெனவே அடுக்கியிருந்த குடைகளை மறுபடி அடுக்கினார்.

இரண்டு மணிக்கு அவர்கள் பெட்டிகளோடு இறங்கி வந்தார்கள். சிறுமியின் கையில் கடிகாரம், சாவி கொடுக்கப்பட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் கழுத்து அட்டைகளை மேசையில் வைத்துவிட்டு அப்பா கணக்கை முடித்தார். கண்கள் வீங்கியிருந்த பையன் மேசையை எட்டிப் பிடித்தான். இந்தத் தடவை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"யாராவது தேடி வந்தா," என்றான், "நாங்க வீட்டுக்குப் போயிட்டோம்னு சொல்லுங்க. எழுதி வெச்சுக்கோங்க. இல்லன்னா மறந்துடுவீங்க."

சாவி அப்பாவைப் பார்க்கவில்லை. மற்ற விருந்தினர்கள் சொல்லிவிட்டுப் போகும் செய்திகளை எழுதுவதுபோலவே துண்டுச் சீட்டில் எழுதினாள். பதினாலாம் அறை. வீட்டுக்குப் போய்விட்டார்கள். பையன் அதை எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தான். அவள் மடித்து, மேசைக்குப் பின்னால் அறைச் சாவிகள் வைக்கும் வரிசையில் பதினாலாம் எண் மாடத்தில் வைத்தாள்.

அதன்பிறகு அந்த அறைக்கு எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். மாடத்தில் இன்னும் என்ன குப்பை என்று முதலாளியம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். வாளியக்கா தினமும் காலையில் அந்தச் சீட்டை எடுத்து, மாடத்தைத் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைக்கிறாள்.