பார்வை மட்டும்

வேலைக்குக் கிளம்பும்போது ஜெபமணி கைப்பையை மறந்தாலும் கசப்பு வில்லையை மறக்கமாட்டாள். வாசலருகே இருக்கும் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நாக்கின் அடியில் வைத்துக்கொள்வாள். உடம்பில் கதிர்வீச்சு ஏற ஏற வில்லை கசக்கும். பொறுக்க முடியாமல் கசந்தால் வேலையை மாற்று ஆளிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். செவ்வாய்க் கோளில், செம்மேடு நகரத்தின் ஆலை ஊழியர்கள் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். அந்தக் கசப்பு லேசில் போகாது. போகும்வரை சோறும் கசக்கும், பாயசமும் கசக்கும்.

"ஏங்க, நீங்க வச்ச குழம்பு நல்லாத்தான் இருக்கும். எனக்குத்தான் ஒண்ணும் தெரியல" என்பாள். அதைக் கேட்டால் அவள் கணவன் தேவசகாயத்துக்குச் சோறு இறங்காது.

அணு உலையின் சூட்டில் பனிப்பாறையை உருக்கி, ஊருக்குத் தண்ணீரும் காற்றும் தருகிற ஆலை அது. கட்டியவர்கள் கம்பிச் செலவை மிச்சம் பிடிக்க, கட்டுப்பாட்டு அறையை உலையை ஒட்டியே வைத்துவிட்டுப் பூமிக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த அறையில் சுவர் நிறையத் திரைகள். எந்தக் குழாயில் எவ்வளவு அழுத்தம், எந்த வால்வு திறந்திருக்கிறது, எல்லாம் அவற்றில் தெரியும். பார்த்து, வேண்டிய பொத்தானை அழுத்துவது ஜெபமணியின் வேலை.

தேவசகாயம் நகரத்தின் கணினிகளைப் பராமரிப்பவன். மனைவி வீட்டில் உட்கார்ந்தபடியே அந்தத் திரைகளைப் பார்த்து ஆலையை ஓட்டவேண்டும் என்பது அவன் ஆசை. ஆலைக் கணினிகளுக்கு வெளியுலகத்தோடு பேசத் தெரியாது. ஆகவே நடுவில் ஒரு லினக்ஸ் சர்வரை வைத்தான். அது சுவர்த் திரைகளையும் அறையின் கேமராப் படத்தையும் அப்படியே பிரதி எடுத்து, யாரும் ஒட்டுக்கேட்க முடியாத தனி இணைப்பு வழியாக வீட்டுத் திரைக்கு அனுப்பும். கோள் விட்டுக் கோள் வந்தும் மனிதர்கள் லினக்ஸை விடவில்லை. பெட்டியின் மேல் லினக்ஸின் சின்னமான பென்குவின் படம்கூட இருந்தது. பூமியில் அந்தப் பறவை அற்றுப்போய் வெகுகாலம் ஆகிறது. அதை அழித்தவர்கள் படத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

சர்வரில் இரண்டு அனுமதிகளை அமைத்தான். ஒன்று 'பார்வை'. திரையைப் பார்க்கலாம், அவ்வளவுதான். மற்றது 'கை'. பொத்தானையும் அழுத்தலாம், ஆனால் அழுத்தியவர்தான் அதற்குப் பொறுப்பு.

தலைமைப் பொறியாளர் சௌந்தரவல்லி முதல் ஆளாகப் பார்வை கேட்டார். அடுத்துப் பிரிவுத் தலைவர்கள் கேட்டார்கள். கணக்கு அதிகாரி கேட்டார், நகர மன்ற உறுப்பினர் கேட்டார், உறுப்பினரின் மைத்துனர் கேட்டார். நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். கை வேண்டும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜெபமணிக்கு வீட்டிலிருந்தே கை தரவேண்டுமானால் சௌந்தரவல்லி உத்தரவு போடவேண்டும். போட்டால் நாளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்லவேண்டும். "பார்க்கலாம் தம்பி" என்றார். ஆக, ஊரெல்லாம் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே ஆலையைப் பார்த்தது. யாருக்காகச் சர்வர் வந்ததோ அவள் மட்டும் வில்லையை வாயில் போட்டுக்கொண்டு உலையடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

பார்ப்பவர்கள் சும்மா பார்ப்பார்களா? அவள் ஒரு வால்வைத் திறந்தால் ஏன் திறந்தாய் என்று கேள்வி, மூடினால் ஏன் மூடினாய் என்று கேள்வி. கடைசியில் சௌந்தரவல்லி ஒரு யோசனை சொன்னார். பார்ப்பவர்களில் யாராவது ஒருவர் 'சம்மதம்' கொடுத்தால்தான் ஜெபமணியின் பொத்தான் வேலை செய்யவேண்டும். "சும்மா ஒரு ஒழுங்குக்குத்தான் தம்பி."

அவள் பொத்தானைத் தடுக்கும் அந்தப் பூட்டைத் தேவசகாயமே சர்வரில் எழுதினான்.

"அவசரத்துக்கு எவரு சம்மதம் குடுப்பாரு?" என்று கேட்டாள் ஜெபமணி.

"நாப்பது பேரு பாக்காங்க. ஒருத்தர் கூடவா குடுக்க மாட்டாங்க?"

"கூட்டம்னாலே எனக்குப் பயமா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அது நடந்த அன்று அவன் சௌந்தரவல்லியின் வீட்டில் இருந்தான். கூடத்துத் திரை போதாதென்று சாப்பாட்டு அறையிலும் ஒன்று மாட்டச் சொல்லியிருந்தார். மாட்டி முடித்து நிறத்தைச் சரிசெய்யும்போது திரையின் ஓரம் சிவப்பாக மின்னியது. நீராவிக் குழாயில் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கீழே ஜெபமணியின் வரி வந்தது: 'வடிகால் வால்வைத் திறக்கவா? சம்மதம் வேண்டும்.'

நாற்பது பெயர்களும் பச்சையாக ஒளிர்ந்தன. சிலர் 'பார்த்தேன்' என்று போட்டார்கள். ஒருவர் கும்பிடும் கைகளை அனுப்பினார்.

"குணசீலன் இருக்காரே. நீராவி அவர் பிரிவு. நான் குடுத்தா கோவிச்சுக்குவார்" என்றார் சௌந்தரவல்லி.

'அழுத்தம் ஏறுது. சம்மதம் வேண்டும்' என்று மறுபடியும் வந்தது.

தேவசகாயமும் திருப்புளியைப் பிடித்தபடி நின்றான். அதை மறைப்பதற்கில்லை. இத்தனை பச்சைப் பெயர்களைப் பார்த்தபோது யாரோ கொடுத்துவிடுவார்கள் என்று அவனுக்கும் ஒரு தைரியம் இருந்தது.

'யாராவது இருக்கீங்களா?'

எல்லோரும் இருந்தார்கள். அவன் திருப்புளியைக் கீழே போட்டான்.

"மேடம், நீங்களே அழுத்துங்க மேடம்!"

"பதறாதீங்க தம்பி. நாப்பது பேர் பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்?"

அவரைத் தள்ளிவிட்டுத் திரையில் தானே அழுத்தினான். அது சௌந்தரவல்லியின் விரலுக்கு மட்டுமே கட்டுப்படும் திரை; அவனை ஏற்கவில்லை. தன் கணினியைத் திறந்து, சர்வருக்குள் புகுந்து, தான் எழுதிய பூட்டைத் தானே அழித்தான். அழித்து நிமிர்ந்தபோது திரையில் கேமராப் படம் முழுக்க வெள்ளையாக இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் நீராவி நிறைந்திருந்தது. படம் மட்டும் ஆடாமல் அசையாமல் துல்லியமாக வந்துகொண்டிருந்தது.

ஜெபமணியின் உடலைத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது.

விசாரணையில் நாற்பது பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்." அதைவிடப் பெரிய குற்ற ஒப்புதல் வேறென்ன இருக்கமுடியும் என்று தேவசகாயம் நினைத்தான். விசாரணைக் குழுவோ அவர்கள் கடமை தவறவில்லை என்பதற்கு அதையே சான்றாக எடுத்துக்கொண்டது. விபத்தின்போது ஒரு கணமும் தடைப்படாத சர்வரைப் பாராட்டியது. இனி இப்படி நேராதிருக்க, நகரத்தின் எல்லா வீடுகளுக்கும் பார்வை தரும்படி உத்தரவிட்டது. அதற்குள் அன்றைய காட்சியை யாரோ பதிவுசெய்து பரப்பியிருந்தார்கள். பார்க்காத ஆள் இல்லை. ஆளுக்கொரு கும்பிடு போட்டு அடுத்தவருக்கு அனுப்பினார்கள்.

தேவசகாயம் உத்தரவை மதித்து எல்லா வீடுகளையும் சர்வரோடு இணைத்தான். ஒரே ஒரு மாற்றம் செய்தான். பார்வை என்ற அனுமதியையே எடுத்துவிட்டான். இனி யார் திரையைத் திறந்தாலும் கையும் சேர்ந்தே வரும். ஆபத்து வந்தால் பொத்தானை அழுத்தவேண்டியவர் அவர்தான் என்று அவர் பெயரும் மேலே தெரியும். பிறகு ஆலையில் ஜெபமணியின் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அதற்குப் போட்டி இருக்கவில்லை.

புதிய இணைப்பின் திறப்பு விழா முடிந்து, ஜெபமணியின் நாற்காலியில் உட்கார்ந்து, சர்வரில் எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தான். ஒருவரும் இல்லை. ஒரு வீட்டில்கூட யாரும் திரையைத் திறந்திருக்கவில்லை. நாக்கின் அடியில் வில்லை கசக்கத் தொடங்கியது.

சற்று நேரத்தில் சௌந்தரவல்லியிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'தம்பி, கையெல்லாம் எங்களுக்கு எதுக்கு? பழையபடி பார்வை மட்டும் கிடைக்குமா?'