இறந்த நேரம்: மாலை 6.40

சென்னம்மாளின் மாடு மத்தியானம் மூன்றேகாலுக்குச் செத்துப்போனதாகத் திரையில் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் அப்போது மணி பதினொன்று இருபது.

சகாயமேரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். தேதி இன்றைய தேதிதான். காது வில்லையின் பன்னிரண்டு எண்களும் சரியாக இருந்தன. இணைத்திருந்த படத்தில் கறுப்பும் வெள்ளையுமான மாடு கொட்டகையில் சரிந்து கிடந்தது. இடது காதில் மஞ்சள் வில்லை, வாயோரத்தில் நுரை. பதிவு செய்தவர் என்ற கட்டத்தில் அவளுடைய பெயரே இருந்தது. அவள் அதைப் பதியவில்லை.

பாலக்கோட்டில் உரக்கடைக்கு மேலே இருக்கும் இந்த அறையில் பதினேழு வருடமாகக் காப்பீட்டு கிளெய்ம்களைப் பதிகிறவள் அவள். மாடுதான் அதிகம், இடையிடையே வண்டியும் விபத்தும். மாடு செத்தால் வில்லையோடு காதையும் அறுத்துக்கொண்டு வந்து காட்ட வேண்டும். சிலர் உப்பில் போட்டுக் கொண்டுவருவார்கள், சில பெண்கள் மஞ்சள் தடவித் துணியில் சுற்றி, பிள்ளையை இறக்கி வைப்பதுபோல் மேஜையில் வைப்பார்கள். கீழிருந்து ஏறி வரும் உர நெடியும் அந்தக் காதுகளைப் போட்டு வைக்கும் தட்டிலிருந்து கிளம்பும் வாடையும் அவள் புடவையோடு வீடுவரை வரும். ஈக்கள் மட்டும் எந்தக் காலத்திலும் குறைந்ததில்லை.

சென்னம்மாளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, மாடு எப்படிக்கா இருக்குது?"

"என்ன மேடம் திடீர்னு? நல்லாத்தான் இருக்குது. இப்பத்தான் தண்ணி காட்டுனேன். போனைக் குடுக்கட்டுங்களா, நீங்களே கேட்டுக்குங்க."

பின்னால் மாடு ஒருமுறை கத்தியது. சகாயமேரிக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுபோனது.

"சார், உயிரோட இருக்கற மாட்டுக்கு கிளெய்ம் வந்திருக்குதுங்க. என் பேர்ல."

மேலாளர் மாதவராஜ் டீயிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சாப்ட்வேரு குழம்பியிருக்கும். மூணேகாலு வரைக்கும் ஓரமா வெய்யுங்க. செத்தா ஏத்துக்கலாம், சாகலைன்னா தள்ளிரலாம்."

"சாகறதுக்கு முன்னாடி நான் கை வெக்க மாட்டேன் சார். ஒருதரம் வெச்சது போதும்."

மாதவராஜுக்கு அது என்னவென்று தெரியும். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, இண்டூர் பச்சியப்பன் போனில் அழுதார்: மாடு படுத்துவிட்டது, எழுந்திருக்காது, டாக்டரும் கைவிட்டுவிட்டார். செத்த இருபத்து நாலு மணி நேரத்துக்குள் தகவல் பதிய வேண்டும். மறுநாள் ஞாயிறு, அதற்கடுத்த நாளும் விடுமுறை. பாவம் என்று நினைத்து, இறந்த நேரம் மாலை ஐந்து பத்து என்று நாலு மணிக்கே எழுதிவிட்டாள். இப்படி முன்கூட்டி எழுதிக் கொடுப்பது இந்த வட்டாரத்தில் எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான். அன்று சாயங்காலம் பச்சியப்பன் மறுபடியும் கூப்பிட்டார். "எந்திரிச்சிருச்சும்மா! தொட்டியில வாய வெச்சுத் தண்ணி குடிச்சுது. குடிக்கறப்பவே பொத்துனு வுழுந்துருச்சு." எத்தனை மணிக்கு என்று கேட்டாள். "இப்பத்தாம்மா. அஞ்சு பத்து."

அன்றைக்குப் பிறகு அவள் யாருக்காகவும் முன்கூட்டி ஒரு எழுத்து எழுதியதில்லை.

இப்போது நிராகரிப்பு என்ற பொத்தானை அழுத்தினாள். காரணம் கேட்டது. 'மாடு உயிரோடு உள்ளது' என்று தட்டினாள். விரல் நுனியில் விசைப்பலகை சில்லென்று இருந்தது, விடியற்காலையில் பிடித்த ஈரக் கிணற்றுக் கயிறுபோல. ஏசி இல்லாத அறை அது.

சாயங்காலம் வழக்கம்போல அவள் கணவன் அருள்குமார் அழைத்துப்போக வந்தான். தக்காளி லோடு அடிக்கும் சின்ன வண்டி அவனுடையது. இருபத்து நாலு படி ஏறி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். "ஏன் மேரி, உங்க கம்பெனிக்குக் கீழ எடமே கெடைக்கலையா? இந்தப் படிக்கே எனக்கொரு பாலிசி போடணும்."

"பீடிய விட்டா படி ஏறலாம். வாங்க."

அன்றைக்கு அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் சென்னம்மாள் வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. வந்தவள் மூடியைத் திறந்து மேஜையில் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க மேடம்."

"என்னக்கா இது?"

"பால். பஸ் ஏறுறதுக்கு முன்னாடி கறந்தது. தொடுங்களேன்."

சகாயமேரி வாளியின் வெளிப்புறத்தைத் தொட்டாள். தகரத்தில் தண்ணீர் பூத்திருந்தது. உள்ளே பால் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது.

"மடியில இருந்தே இப்படித்தான் வருது," என்றாள் சென்னம்மாள். "நீங்க போன் போட்டீங்க பாருங்க, அன்னைக்கு இருந்து. என்னமோ கேட்டீங்களேன்னு நானும் கட்டுத்தறியில குந்திப் பாத்துக்கிட்டே இருந்தேன். மூணேகாலு இருக்கும். முன்னங்காலு மடங்குச்சு. போச்சுன்னு கத்தினேன். அப்பறம் தானா நிமுந்துக்குச்சு. அன்னைக்கு நின்னதுதான், படுக்கவே இல்ல. தீனி எடுக்கல. அசை போடல. கண்ணு மேல ஈ குந்துது, இமைக்க மாட்டேங்குது. கன்னுக்குட்டி கிட்டவே போவல, அத்துக்கிட்டு ஓடுது."

"டாக்டர் பாத்தாருங்களா?"

"பாத்தாரு. ஊசி போட்டாரு. எடுத்த எடத்துல சொட்டு ரத்தம் வரல. பெட்டியக்கூட மூடாம வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு." சென்னம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நான் மூக்குல கைய வெச்சுப் பாத்தேம்மா. மூச்சு இல்ல."

தட்டிலிருந்து ஒரு ஈ எழும்பி வாளியின் விளிம்பில் உட்கார்ந்தது.

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா. செத்துருச்சுன்னு எழுதிப்போடு. அதைப் போக வுடு."

"நிக்குதுங்கிறீங்க. பால் குடுக்குதுங்கிறீங்க. செத்துருச்சுன்னு நான் எப்படிக்கா எழுதறது?"

"நின்னா உசுராம்மா?"

"எழுத மாட்டேன்க்கா. என் கையால முடியாது."

சென்னம்மாள் அவளைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். வாளியை எடுக்காமலே படி இறங்கிப்போனாள்.

நாலு மணிக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. மாதவராஜ் குடை இல்லை என்று சீக்கிரம் கிளம்பினார். கீழே உரக்கடைக்காரர் மூட்டைகளை உள்ளே இழுக்கும் சத்தம் கரகரவென்று கேட்டது. ஓட்டில் முதல் துளிகள் விழுந்தன. ஈரமண் வாசனையும் உப்புக்காதுகளின் வாசனையும் கலந்து அறைக்குள் வட்டமிட்டன. மேஜைமேல் வாளி வியர்த்து, அதன் அடியிலிருந்து ஒரு நீர்க்கோடு பதிவேடுகளை நோக்கி மெதுவாக ஊர்ந்தது. அதைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது திரையில் புது கிளெய்ம் ஒன்று நின்றது.

தனிநபர் விபத்து. காப்பீடு செய்தவர்: அருள்குமார். இடம்: தொப்பூர் கணவாய். இறந்த நேரம்: மாலை 6.40. பதிவு செய்தவர்: சகாயமேரி. வாரிசுதாரர்: சகாயமேரி.

படத்தில் முகம் இல்லை. ஈரத்தார், ஒரு நீலக்கட்டம் போட்ட சட்டை. இரண்டாவது பொத்தான் வெள்ளை நூலில் தைத்திருந்தது. நீல நூல் தீர்ந்துவிட்டதென்று காலையில் அவள்தான் வெள்ளையில் தைத்தாள்.

திரையின் அடியில் சிவப்பு வரி: குறித்த நேரத்துக்குள் முடிவெடுக்காவிட்டால் கிளெய்ம் தானாகவே ஏற்கப்படும்.

உடனே அவனுக்குப் போன் போட்டாள். "என்னங்க, எங்க இருக்கறீங்க?"

"சேலத்துலதான். லோடு எறக்கியாச்சு. கெளம்பறேன்."

"கெளம்பாதீங்க. இன்னைக்கு அங்கயே தங்கிருங்க."

"ஏன் மேரி, வூட்டுக்கு யாராச்சும் வராங்களா? நான் வந்தா தொந்தரவா?"

"வெளையாடாதீங்க. சொன்னாக் கேளுங்க. தொப்பூர் வழியா வராதீங்க."

"பின்ன பறந்தா வர முடியும்? மழையில நீ தனியா குந்தியிருப்ப. மெதுவாத்தான் வருவேன், போதுமா? ஏழே முக்காலுக்கு உன் பாழாப்போன படியில இருப்பேன்."

"என்னங்க..."

லைன் அறுந்தது. பிறகு பதினோரு தடவை போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே.

மாதவராஜுக்குப் போட்டாள். "அதை அழிக்க முடியுங்களா சார்?"

"பதிஞ்சதை அழிக்க இங்க யாருக்கும் பவர் இல்லைங்களே. ஏத்துக்கலாம், இல்லாட்டி தள்ளலாம். யாரோடது?"

அவள் போனை வைத்தாள்.

ஆறு மணி. அவள் ஒயரைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. கைப்பையில் போன் நடுங்கியது. அதில் அதே பெயர், அதே நீலச்சட்டை, அதே சிவப்பு வரி. போனை அணைத்தாள். பிடுங்கிய ஒயர் தரையில் கிடக்க, திரை தானாக வெளுத்தது.

ஆறு இருபது.

"யாருடா நீ?" என்றாள் திரையைப் பார்த்து. சத்தமாகவே கேட்டாள். "என் பேர்ல எழுதறதுக்கு நீ யாரு?"

ஓடெல்லாம் மழை. அதற்கடியில் வேறொரு சத்தம், தட்டில் ஈக்கள்.

ஆறு முப்பது. ஏற்றால் போய்விடுவான். சும்மா இருந்தாலும் போய்விடுவான். தள்ளினால்? அவள் வாளியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கக் கழுத்து வலித்தது. நின்னா உசுராம்மா. எழுதி முடித்துவிட்டால் ஒரு அழுகை, ஒரு குழி, கல்லறைத் திருநாளுக்கு ஒரு மெழுகுவர்த்தி. அந்த மாட்டை அப்படி அனுப்பத்தான் சென்னம்மாள் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தாள்.

ஆறு முப்பத்தேழு.

"மாட்டேன்," என்றாள்.

முப்பத்தெட்டு.

"யார் கேட்டாலும் மாட்டேன்."

நிராகரிப்பு. காரணம் கேட்டது. குளிரில் விரல் விறைத்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். 'இவர் உயிரோடு இருக்கிறார். என் கணவர். என் கையால் எழுத மாட்டேன்.'

அழுத்தினாள்.

ஆறு முப்பத்தொன்பது.

ஆறு நாற்பது.

எதுவும் நடக்கவில்லை. திரை இருண்டது. ஈக்கள்கூட ஒரு கணம் நின்றன. போனை உயிர்ப்பித்து அவன் எண்ணைப் போட்டாள். மணி போனது. எடுத்துவிட்டான். பேச்சு இல்லை. மழையும், எங்கோ லாரி ஒன்று விடாமல் அடிக்கும் ஆரனும், யார் யாரோ ஓடிவரும் சத்தமும். ஒருவன் கத்தினான்: "டேய், எந்திரிக்கிறாருடா!"

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள். ஜெபமாலையை எடுக்கவில்லை. யாரிடமும் எதுவும் கேட்கும் எண்ணம் இல்லை அவளுக்கு.

ஏழே முக்காலுக்குக் கீழே வண்டி வந்து நின்றது. ஒரு பக்கம் தகரம் இழுபடும் சத்தம். கதவு. பிறகு படி.

ஒன்று. இரண்டு. மூன்று.

நிற்காமல் ஏறினான். பாதியில் நின்று இருமவில்லை. படியைத் திட்டவில்லை. இருபத்திரண்டு. இருபத்துமூன்று. இருபத்து நாலு.

வாசலில் நின்றான். நிலையைப் பிடிக்கவில்லை. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வெள்ளை நூல் பொத்தான் அப்படியே இருந்தது. நெற்றியில் ஒரு கிழிசல், மழை கழுவிக் கழுவி வெளுத்துப்போன கிழிசல். அதில் ரத்தம் இல்லை. இருபத்து நாலு படி ஏறி வந்தவனின் மார்பு அசையாமல் இருந்தது.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்." உதடு அசைந்தது. மெதுவாகத்தான் வருவேன் என்ற அதே குரல்.

அவள் எழுந்து போய் அவன் கையைப் பிடித்தாள். அதே வாளித் தகரத்தின் குளிர். விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தேய்த்தாள்.

முதுகுக்குப் பின்னால் திரை வெளுத்தது. திரும்பாமலே தெரிந்தது, அறையின் சுவரில் சிவப்பு விழுந்ததால். திரும்பிப் பார்த்தாள். அருள்குமார். இறந்த நேரம்: மாலை 6.40. மறுபரிசீலனைக்கு. ஏற்பு. நிராகரிப்பு.

அவன் கையை விடாமலே மேஜைவரை இழுத்துக்கொண்டு போய், மற்றொரு கையால் நிராகரிப்பை அழுத்தினாள். மறுபடி வந்தது. மறுபடி அழுத்தினாள்.

"எத்தனை தரம் வேணாலும் கேளு," என்றாள். "நான் இங்கதான் இருக்கேன்."

தட்டிலிருந்து ஒரு ஈ எழும்பியது. அறையை ஒருமுறை சுற்றி, அவன் கன்னத்தில் இறங்கி, மெல்ல மேலே ஏறித் திறந்திருந்த கண்ணின் நடுவில் வந்து நின்று கால்களைத் தேய்த்துக்கொண்டது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இமைக்கவில்லை.