உள்ளே இன்னும் இளகவில்லை

ஐஸ் கம்பெனியின் பின்வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றபோது சித்திரை வெயில் தகரக் கூரையைப் பொரித்துக்கொண்டிருந்தது. வண்டியில் காலிச் சவப்பெட்டி. ஞானையா தன் மனைவி ரூத்தை எடுத்துப்போக வந்திருந்தார்.

நாலு நாளைக்கு முன் அவள் செத்ததும் மஸ்கட்டிலிருந்து மகன் சுஜின் தந்தி கொடுத்திருந்தான்: அம்மா முகத்தைப் பார்க்காமல் புதைக்க வேண்டாம். பதினேழு வருஷம் ஐஸ் தூக்கிய உரிமையில் முதலாளி காலில் விழுந்து, தார்ப்பாயில் சுற்றி, ஐஸ் உறையவைக்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் தகரக் கேன்களுக்கு நடுவே அவளை இறக்கியிருந்தார்.

இப்போது மேலே தூக்கினால் பாறை. சாகும்போது மகனைத் தேடி நீட்டிய வலது கை அப்படியே நீட்டியபடி நின்றது. பெட்டி மூடாது. பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு சுஜின் வந்துவிடுவான்.

"நெழல்ல போடுண்ணே. தானா எளகட்டும். நாளைக்குப் பொதைச்சுக்கிருவோம்" என்றான் கூட வேலைபார்க்கும் தனுஷ்கோடி.

"நாளைக்கா? குழி வெட்டியாச்சு, ஊரே காத்துக் கெடக்கு. ஏலே, கேனுல இருந்து ஐஸக் கழட்டுறவனுக்கே பாடம் சொல்றியா? வெந்நி கொண்டா."

கேன்மேல் வெந்நீர் பட்டால் பாளம் வழுக்கிக்கொண்டு வரும். ஓரம்தான் இளகும், உள்ளே அப்படியே இருக்கும். ஐஸுக்கு அது போதும்.

தோளில் ஊற்றினார். கை லேசாகத் தளர்ந்தது. முகத்தில் ஊற்றினார்.

கிண்.

கண்ணாடி டம்ளர் விரிசல் விடுகிற சத்தம். நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு கோடு ஓடியது. ரத்தம் இல்லை. உப்பு வாடை மட்டும்.

"மெதுவா."

"என்னடா சொன்ன?"

அடுப்படியிலிருந்து தனுஷ்கோடி திரும்பினான். "நான் வாயே தெறக்கலண்ணே."

ஞானையாவுக்குத் தெரியும். அவர் கை ஓங்கும்போதெல்லாம் ரூத் சொல்கிற சொல் அது. ஒரு நாளும் அவர் கேட்டதில்லை.

கல்லறைத் தோட்டத்தில் சுஜின் முக்காட்டை விலக்கினான். முத்தமிடக் குனிந்தவன் வெடுக்கென்று நிமிர்ந்தான்.

"மூஞ்சில என்னப்பா கோடு?"

"ஐஸு பட்டா அப்படித்தான்."

"அம்மா குளுருதுங்குதுப்பா" என்றான்.

"சும்மா இரு. பெட்டிய மூடுங்கப்பா."

மூடிமேல் இரண்டு பேர் ஏறி உட்கார வேண்டியிருந்தது. உள்ளே எதுவோ முறிந்த பிறகுதான் ஆணி இறங்கியது. அன்று சாயங்காலமே பஸ் ஏறிய சுஜின் அதன்பிறகு ஒரு கடுதாசி போடவில்லை.

அடுத்த சித்திரை. மழை பொய்த்து, திருச்சுழிவரை கண்மாய்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. ரூத்தின் மண்மேடு மட்டும் ஈரமாக இருந்தது. தாகத்தில் வந்த ஆடுகள்கூட முகர்ந்துவிட்டு ஓடின.

உச்சி வெயிலில் ஞானையா ஒரு குடம் நீர் சுமந்து வந்தார். கைபொறுக்கும் சூடு. சிறுகச் சிறுக ஊற்றினார்.

"மெதுவாத்தான் ஊத்துறேன், தாயி."

மண்ணுக்குள் கேட்டது.

கிண்.

ஈரக் கையை மேட்டின்மேல் வைத்தார். எடுக்க வரவில்லை. ஈரக் கையால் ஐஸ் கேனைத் தொட்டவனுக்குத் தெரியும் அந்தப் பிடி.

பிடுங்கிக்கொண்டு எழுந்தார். உள்ளங்கைத் தோல் மண்ணிலேயே தங்கிவிட்டது. அதை இறுகப் பற்றினாற்போல், கொளுத்தும் வெயிலில், ஐந்து விரல் வடிவில் வெண்பனி.