நீர்வாசலில் வணங்கிய ராஜா

இந்தக் காலத்து ஆண்பிள்ளைகளுக்கு என்ன வந்ததோ, மீசை முளைத்தவன் முகத்தில் மஞ்சள் பூசுகிறான். வாள் பிடிக்க வேண்டியவன் அவனைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். வெண்ணாற்றங்கரைக் கோட்டையின் நீர்வாசலில் ஈட்டியை ஊன்றி நின்ற கிழட்டுக் காவலன் கொம்பையன், வாசகர்களே, இப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அந்தி மயங்கி, கீழ்வானில் எழுந்த முழுமதி அலைதோறும் வெள்ளியை உருக்கி வார்த்த அழகெல்லாம் அவன் கண்ணில் படவில்லை. சுரங்க வழியை அறிந்துகொண்ட ஒற்றர்ப் பெண் ஒருத்தி கோட்டைக்குள் இருக்கிறாள், அவள் தப்பினால் உன் தலை தப்பாது என்று தளபதி கடம்பராயர் எச்சரித்துப் போயிருந்தார்.

அரண்மனையில் கூத்தாடிய இருவர் வேடம் கலைக்காமலே வந்தனர். முன்னால் முறுக்கு மீசையும் தகட்டு முடியுமாக ராஜா. பின்னால் இடை ஒசிய ராணி. ராஜா வேடம் கட்டியவரை, முடி இறக்கும்வரை அரசராகவே வணங்க வேண்டும், மேனி தொடலாகாது என்பது அந்நாட்டு வழக்கம். கொம்பையன் குனிந்து வழிவிட்டான். ராஜா கனைத்துவிட்டுப் படகேறினார்.

ராணியின் குறுக்கே ஈட்டி விழுந்தது. "நில்லடி நீ."

"அடியேன் ஆண்பிள்ளை அண்ணா, பெயர் அமிர்தலிங்கம்."

"கண்ணை இப்படி வெட்டுகிறவன் ஆண்பிள்ளையா? கொண்டையைக் கழற்று."

"இரவல் கூந்தல். பதமாகத்தான் எடுக்கவேண்டும்."

ஒவ்வொரு பூவாக, ஒவ்வொரு ஊசியாக எடுத்து, கடைசியில் கூந்தலைக் கொம்பையன் கையில் வைத்தான். முன்நெற்றி மழித்த குடுமித் தலை. அதற்குள் படகு நடு ஆற்றை அடைந்திருந்தது. அங்கே ராஜா முடியை இறக்கினார், மீசையைப் பிய்த்தெறிந்தார். முழங்கால்வரை கருங்கூந்தல் சரிந்தது.

"அமிர்தா, உம்மையன்றி வேறொருவரை மணக்கமாட்டேன். இந்த ஆறு சாட்சி." பெண்ணின் குரல்.

சேலையோடு ஆற்றில் பாய்ந்தான் அமிர்தலிங்கம். கொம்பையனின் ஈட்டி கைநழுவியது.

மதில்மேலிருந்து கடம்பராயர் ஓடிவந்தார். "பாவி, அவளைக் கும்பிட்டு அனுப்பினாயே?"

"பெண் எவளும் இந்த வாசலைத் தாண்டவில்லை, எசமான். நான் கும்பிட்டது ராஜாவை."

"அந்தக் கூந்தலைப் பார்த்தாய் அல்லவா?"

"இதோ, இதுவும் கூந்தல்தான். இதைச் சூடியிருந்தவன் ஆண்பிள்ளை." அதைத் தளபதியின் கையில் திணித்துவிட்டு, ஈட்டியை எடுத்துக்கொண்டு, தலையை ஆட்டியபடியே நடந்தான் கொம்பையன். "பெண்ணாம். அந்தக் கனைப்பைக் கேட்டவர் சொல்லட்டும்."